போத்தலுக்குள் ஒரு குளம்: வாசகர் கேள்வியும் பதிலும்

கடந்த இரண்டு மாதங்களில் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விடயத்தைச் சுற்றி அமைந்திருந்தன. ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குச் சூழற்றொகுதியை, அதாவது உயிர்களும் அவை வாழும் மண், நீர், காற்று, ஒளி ஆகியனவும் சேர்ந்த தொகுதியை, செய்துபார்த்துக் கற்கும்படி எவ்வாறு கொடுப்பது என்று ஆசிரியர்கள் கேட்டிருந்தார்கள். சேற்றுக் கையோடும் போத்தலோடும் வீடு திரும்பும் பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் எழுதியிருந்தார்கள். ஒரு பிள்ளையும் தன் கைப்பட எழுதியிருந்தது. ஆகவே இம்முறை பக்கம் முழுவதையும் இவ்விடயத்துக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எமது பாடசாலையில் தரம் 4 இல் 19 பிள்ளைகள் கற்கிறார்கள். ஆய்வுகூடம் இல்லை, நுணுக்குக்காட்டி இல்லை. 'சூரியன், புல், மான், சிறுத்தை' என்று உணவுச் சங்கிலியைக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன், பிள்ளைகள் பாடமாக்கிவிடுகிறார்கள். ஆனால் விளங்கிக்கொண்டார்கள் என்ற நம்பிக்கை எனக்கு வரவில்லை. செலவில்லாமல் எதைச் செய்யலாம்?
(ஆசிரியை ஒருவர், ஒட்டுசுட்டான்)

பதில்: உங்களுடைய ஐயம் சரியானதே. அந்தச் சங்கிலியைத் தவறின்றி ஒப்புவிக்கும் பிள்ளையிடம், பாடசாலை வளவில் நிற்கும் வேம்பின் கீழ் விழுகின்ற இலைகள் ஆண்டுக்காண்டு குவிந்து மலையாகாமல் எங்கே போகின்றன என்று கேட்டுப் பாருங்கள். 'கூட்டி எரிக்கிறோம்' என்ற பதிலே பெரும்பாலும் வரும். மானையும் சிறுத்தையையும் படத்தில் மாத்திரம் கண்ட பிள்ளைக்கு அந்தச் சங்கிலி ஒரு கதையாகவே இருக்கிறது. இறந்த வெட்டுக்கிளியை எறும்புகள் இழுத்துச் செல்வதை அதே பிள்ளை நூறு தடவை கண்டிருக்கும். அதுவும் பாடம்தான் என்று எவரும் அதற்குச் சொல்லியிருக்கமாட்டார்கள். நீங்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

ஒரு சதுரத்துக்கு நான்கு தடிகளும் நான்கு மீற்றருக்குச் சற்றுக் கூடிய கயிறும் போதும். பக்கத்துக்கு ஒரு மீற்றராக ஒரு சதுரத்தை மர நிழலில் இலைக் குப்பை கிடக்கும் இடத்திலும், அதே அளவான இன்னொன்றை விளையாட்டு மைதானத்தின் வெறும் மண்ணிலும் கட்டுங்கள். முதல் ஐந்து நிமிடமும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்க்க மாத்திரம் சொல்லுங்கள். பேச்சும் அசைவும் அடங்கிய பிறகே சிலந்தி வெளியே வரும். எறும்பு தன் பாதைக்குத் திரும்பும். அதன் பின்னர் ஒரு தடியால் (வெறும் கையால் வேண்டாம், இலைக்குக் கீழே தேளும் பூரானும் இருக்கக்கூடும்) மேலிருந்து ஒவ்வொரு படையாக இலைகளை விலக்கச் சொல்லுங்கள். மேலே அன்று விழுந்த மஞ்சள் இலை கிடக்கும். அதற்குக் கீழே கபில நிறமாகி ஓட்டை விழுந்த இலை. அதற்கும் கீழே சதை போய் நரம்பு மாத்திரம் வலைபோல எஞ்சிய இலை. அடியில், விரலால் தேய்த்தால் பொடியாகிவிடும் கறுத்த துகள். இந்த நான்கையும் எடுத்து வெள்ளைத் தாளில் வரிசையாக ஒட்டினால், ஒரே இலையின் நான்கு பருவங்களும் பிள்ளையின் கண்முன்னே நிற்கும். இறந்தவற்றைச் சிதைத்து மண்ணோடு சேர்க்கும் உயிர்களைக் குறிக்கும் பிரிகையாக்கிகள் என்ற சொல்லை அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு சொல்லிக் கொடுத்தால், அது அந்தப் பிள்ளையின் மனத்தை விட்டுப் போகாது.

இரண்டு சதுரங்களிலும் கண்ட உயிர்களை எண்ணி எழுதியதும், 'அங்கே ஏன் கூட, இங்கே ஏன் குறைய' என்ற கேள்வியைப் பிள்ளைகளே கேட்பார்கள். அந்த இடத்தில் தயவுசெய்து பதிலைச் சொல்லிவிடாதீர்கள். இரண்டு இடத்து மண்ணையும் புறங்கையால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றில் சூடும் மற்றதில் ஈரக் குளிர்ச்சியும் தெரியும். மீதியை அவர்களே கண்டுபிடிப்பார்கள். இன்னொன்றையும் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். அடுத்த கிழமை வேறிடத்துக்குப் போகாமல் அதே சதுரத்துக்குத் திரும்பிப் போங்கள். ஒரு நாள் மாத்திரம் பார்த்தால் உயிர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று கிடைக்கும். தவணை முழுவதும் பார்த்தால், முதல் மழைக்குப் பின் கறையான் ஈசலாகப் பறப்பதும், அதைத் தின்னத் தவளையும் பறவையும் வந்து சேர்வதும், காளான் முளைத்து மறைவதும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவையாகத் தெரியத் தொடங்கும்.

2010 ஆம் ஆண்டு மீள்குடியேற்றத்தின் பின்னர் தறப்பாள் கொட்டிலில் வகுப்பு நடத்திய நாட்களில் எங்களிடம் கரும்பலகைகூட இருக்கவில்லை. வெயில் ஏறியதும் பிள்ளைகளை ஒரு பாலை மரத்தின் கீழ் அமர்த்துவேன். ஒரு நாள் ஒரு மாணவன் எறும்பு வரிசை ஒன்றைப் பின்தொடர்ந்து போய், இறந்து கிடந்த ஓணான் ஒன்றைக் கண்டுபிடித்தான். மறுநாள் அதில் தோல் மாத்திரம் இருந்தது. நான்காம் நாள் சில எலும்புகள் கிடந்தன. ஓணான் எங்கே போனது என்று நான் கேட்டபோது, 'அது இப்போது எறும்பாகிவிட்டது' என்று ஒரு சிறுமி சொன்னாள். அந்தப் பதிலைவிடச் சிறந்த ஒன்றை எந்தப் பாடநூலிலும் நான் வாசித்ததில்லை.

கேள்வி: அன்புள்ள ரீச்சர், நான் தரம் 5 இல் படிக்கிறேன். ஒரு சோடாப் போத்தலை வெட்டி, குளத்து மண்ணும் தண்ணீரும் பாசியும் போட்டு, நான்கு யப்பான் மீன் குஞ்சுகளை விட்டேன். நிறையப் பாண் போட்டேன். இரண்டாம் நாள் விடிய மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மூன்றாம் நாள் விடிய நான்கும் செத்துவிட்டன. தண்ணீர் மணத்தது. பாசி ஒட்சிசன் கொடுக்கும் என்றுதானே புத்தகத்தில் இருக்கிறது? பிறகு ஏன் செத்தன?
(மாணவர் ஒருவர், மாங்குளம்)

பதில்: அன்புள்ள பிள்ளைக்கு, மீன்கள் இறந்ததற்காக நீங்கள் வருந்தியிருப்பீர்கள் என்பது கடிதத்தில் தெரிகிறது. ஆனால் நீங்கள் இரண்டு விடயங்களை மிகக் கவனமாகப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள்: 'விடிய' என்றும், 'தண்ணீர் மணத்தது' என்றும். பதில் அந்த இரண்டு சொற்களுக்குள்ளேயே இருக்கிறது.

பாசி ஒட்சிசன் கொடுப்பது உண்மை. ஆனால் வெளிச்சம் இருக்கும்போது மாத்திரமே அது ஒளித்தொகுப்புச் செய்து ஒட்சிசனை வெளியிடும். பகல் இரவு என்றில்லாமல் பாசியும் சுவாசிக்கிறது. எனவே இருட்டில் அது மீனைப் போலவே தண்ணீரிலுள்ள ஒட்சிசனை எடுத்துக்கொள்ளும். மாலையிலிருந்து விடியும் வரை ஒட்சிசன் சேராமல் செலவாகிக்கொண்டே போவதால், சூரியன் உதிப்பதற்குச் சற்று முன்புதான் தண்ணீரில் ஒட்சிசன் மிகக் குறைவாக இருக்கும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்ததற்குக் காரணம், காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் மேற்படைத் தண்ணீரில் மாத்திரமே சிறிதளவு ஒட்சிசன் மிஞ்சியிருந்தமையாகும்.

அடுத்தது மணம். மீன்கள் தின்னாமல் விட்ட பாண் அடியில் போய் அழுகியது. அழுகச் செய்வது கண்ணுக்குத் தெரியாத பற்றீரியாக்கள். உணவு நிறையக் கிடைத்தால் அவை வேகமாகப் பெருகி, பெருகும்போது ஒட்சிசனையும் செலவழிக்கும். நீங்கள் நான்கு மீன்களுக்கு உணவு போட்டதாக நினைத்தீர்கள். உண்மையில் கோடிக்கணக்கான வேறு உயிர்களுக்கும் சேர்த்துப் போட்டுவிட்டீர்கள். அத்தோடு எங்கள் ஊர் வெப்பமும் சேர்ந்துகொண்டது. 20 பாகை செல்சியசில் உள்ள ஒரு லீற்றர் நன்னீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசன் கரைந்திருக்க முடியும். 30 பாகையில் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் மாத்திரமே கரையும். வெயிலில் நின்ற சிறு போத்தலுக்குள் நான்கு மீன்களுக்கு அது போதவில்லை.

உங்கள் தாத்தாவிடமோ குளத்தில் வலை போடுபவர்களிடமோ கேட்டுப் பாருங்கள். ஆவணி, புரட்டாதி மாதங்களில் தண்ணீர் வற்றிச் சிறு குட்டையாகிச் சூடேறும்போது, ஒரே இரவில் மீன்கள் இறந்து விடியற்காலையில் மிதப்பதை அவர்கள் கண்டிருப்பார்கள். உங்கள் போத்தலில் நடந்ததே அங்கு பெரிய அளவில் நடக்கிறது.

இப்போது மீன் இல்லாமல் மறுபடி செய்வோம். ஒரே அளவான மூன்று போத்தல்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு விரற்கடை குளத்து மண், வேலம்பாசித் துண்டு ஒன்று, சிறு நத்தை இரண்டு, முக்கால் போத்தல் தண்ணீர் என்று ஒரேமாதிரி இடுங்கள். முதலாவதைக் காலை வெயில் படும் யன்னலருகில் வையுங்கள். இரண்டாவதையும் அதனருகில் வைத்து, அதில் மாத்திரம் சுண்டுவிரல் நகமளவு பாண் போடுங்கள். மூன்றாவதை அலுமாரிக்குள் இருட்டில் வையுங்கள். மூன்றின் வாயையும் மெல்லிய துணியால் கட்டிவிடுங்கள். ஏழு நாட்களுக்கு, விடிந்ததும் ஒரு தடவையும் பாடசாலை விட்டு வந்ததும் ஒரு தடவையும் பார்த்து, தண்ணீரின் நிறம், மணம், நத்தைகள் எந்த உயரத்தில் நிற்கின்றன என்பவற்றைக் கொப்பியில் எழுதுங்கள். விடுமுறை நாளொன்றில் முற்பகல் பத்து மணிபோல் முதற்போத்தலின் பாசி இலையை உற்றுப் பாருங்கள். குண்டூசித் தலையிலும் சிறிய குமிழிகள் இலையோரத்தில் ஒட்டியிருந்து ஒவ்வொன்றாக மேலெழும். நீங்கள் புத்தகத்தில் வாசித்த ஒட்சிசன் பெரும்பாலும் அந்தக் குமிழிகளில்தான் இருக்கிறது.

முடிந்ததும் நத்தைகளையும் பாசியையும் எடுத்த அதே குளத்தில் விடுங்கள். வேறு குளத்திலோ வாய்க்காலிலோ கொட்ட வேண்டாம். எங்கள் குளங்களை மூடிக்கொள்ளும் சல்வீனியா, 1939 ஆம் ஆண்டு தாவரவியல் கற்கைக்காக இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து வெளியே பரவிய தாவரம். உங்கள் யப்பான் மீனும், அதாவது திலாப்பியாவும், ஆபிரிக்காவுக்கு உரியது. 1952 இல் இங்கு கொண்டுவரப்பட்டது. அது எங்களுக்கு உணவாயிற்று. சல்வீனியாவோ இன்றுவரை தொல்லையாகவே இருக்கிறது. எது எப்படி ஆகும் என்று கொண்டுவரும்போது தெரியாது என்பதால்தான் இந்தக் கவனம்.

கேள்வி: வகுப்பறை யன்னலோரத்தில் பத்துப் பன்னிரண்டு போத்தல்களில் குளத்துத் தண்ணீர் வைத்திருக்கிறார்கள். டெங்கு பரவும் காலத்தில் இது தேவையா?
(தாய் ஒருவர், வவுனியா)

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது. டெங்கைப் பரப்பும் நுளம்பு, இப்படிப்பட்ட சிறு கொள்கலன்களில் தேங்கிய நீரையே தேடி முட்டையிடும். முட்டை நுளம்பாக மாறுவதற்கு எங்கள் வெப்பநிலையில் ஒரு கிழமை, பத்து நாட்கள் போதும். எனவே திறந்த போத்தல் வகுப்பறையில் ஒரு நாள்கூட இருக்கக்கூடாது. நுளம்பு வலைத் துணியை இரட்டையாக மடித்து வாயை மூடி, இறப்பர் வளையத்தால் இறுக்கிவிட வேண்டும். வாரத்தில் ஒருவர் என்று பிள்ளைகளிடையே பொறுப்பைப் பிரித்து, துணி விலகியிருக்கிறதா, குடம்பிகள் (நுளம்பின் புழுக்கள்) நெளிகின்றனவா என்று தினமும் பார்க்கச் செய்யலாம். இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. தண்ணீரை ஊற்றிவிட்டால் போதாது. இந்த நுளம்பின் முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே போத்தலின் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையில் மாதக்கணக்காக உயிரோடு இருந்து, மறுபடி நீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே உட்சுவரைத் தும்பினால் நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். வகுப்பில் இதைச் செய்துபழகிய பிள்ளை, வீட்டுப் பூச்சாடித் தட்டையும் தேய்த்துக் கழுவும் என்று நான் நம்புகிறேன்.

கேள்வி: எங்கள் பாடநூலில் 'சூழற்றொகுதி' என்றிருக்கிறது. இந்திய நூல்களில் 'சூழல் மண்டலம்' என்று காண்கிறேன். இரண்டும் ஒன்றா? ஒரு குளம் தனியே ஒரு சூழற்றொகுதியா, அல்லது குளத்தோடு வயலையும் சேர்த்துக் கொள்ள வேண்டுமா?
(பட்டதாரிப் பயிலுநர் ஆசிரியர் ஒருவர், மன்னார்)

பதில்: இரண்டும் ஒன்றே. சூழல், தொகுதி என்ற இரு சொற்கள் புணர்ந்து சூழற்றொகுதி ஆகின்றன. உயிர்களையும் அவை வாழும் மண், நீர், காற்று, ஒளி ஆகியவற்றையும் பிரிக்காமல் ஒரே தொகுதியாகப் பார்க்க வேண்டும் என்று 1935 இல் ஆதர் ரான்ஸ்லி என்ற பிரித்தானியத் தாவரவியலாளர் இக்கருத்துக்குப் பெயரிட்டார். எல்லையை வரைவது பார்ப்பவருடைய தேவையைப் பொறுத்தது. ஒரு போத்தலும் சூழற்றொகுதி, கட்டுக்கரைக்குளமும் சூழற்றொகுதி. கனகராயன் ஆறு காட்டு வழியாக வந்து இரணைமடுக் குளத்தை நிரப்பி, அங்கிருந்து வயல்களுக்கும் கடைசியில் சுண்டிக்குளம் கடலேரிக்கும் போய்ச் சேர்வதை ஒன்றாக எடுத்தால், அதுவும் ஒரு தொகுதியே. மருத மரம் நிற்கும் அணைக்கட்டையும், துருசையும் (நீரைத் திறந்துவிடும் மதகு), வானையும் (மிகை நீர் வழிந்தோடும் இடம்) மனிதர் கட்டினார்கள் என்பதற்காக எங்கள் குளங்களை இயற்கைக்கு வெளியே வைக்க வேண்டியதில்லை. மரம், பறவை, விலங்கு, நீர்நிலை, மக்களின் தொழில் எல்லாவற்றையும் ஒரு நிலத்தின் கருப்பொருளாகச் சேர்த்து எண்ணிய திணை மரபு எங்களுடையது. பிள்ளைகளுக்கு இக்கருத்து அந்நியமாக இருக்கவேண்டிய காரணமே இல்லை.

கேள்வி: மகள் தரம் 5 இல் படிக்கிறாள். வயல் வரம்பில் நின்று சிலந்திகளை எண்ணி வரும்படி வகுப்பில் சொன்னார்களாம். அதன் பிறகு நான் மருந்து அடிக்கப் போனால், 'அப்பா, சிலந்தி செத்துப்போகும்' என்று மறிக்கிறாள். முந்திய காலபோகத்தில் அறக்கொட்டியானால் இரண்டு ஏக்கர் எரிந்ததுபோலப் போனது. பிள்ளையின் பேச்சைக் கேட்டு வயலை விட முடியுமா, அம்மா?
(விவசாயி ஒருவர், வவுனிக்குளம்)

பதில்: இரண்டு ஏக்கர் பயிரை இழந்தவரிடம் மருந்தே வேண்டாம் என்று சொல்வது நேர்மையாகாது. ஆனால் உங்கள் மகள் சொல்வதிலும் பெரிய உண்மை இருக்கிறது. அறக்கொட்டியான், அதாவது கபில நிறத் தத்தி, நெற்புதரின் அடியில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக இருந்து சாற்றை உறிஞ்சுகிறது. முட்டைகளை இலையுறையின் இழையத்துக்குள் செருகிவிடுகிறது. மேலே விசிறும் மருந்து அந்த முட்டைகளை எளிதில் எட்டாது. ஆனால் பயிரின் இடையே ஓடித்திரியும் சிலந்திகளும் தத்தியின் முட்டைகளை உறிஞ்சிக் குடிக்கும் சிறு பூச்சிகளும் அகப்பட்டு இறந்துவிடுகின்றன. சில நாட்களில் முட்டைகள் பொரிக்கும்போது அவற்றைத் தின்ன எதிரி எவரும் இல்லை. கண்டபடி அடித்த வயலில் தத்தி முன்னரைவிட அதிகமாகத் திரும்பி வருவது இதனால்தான். இந்தோனேசியாவில் இது நாட்டளவில் நடந்து பெருந்தொகை நெல் அழிந்தபோது, 1986 இல் அந்த அரசு நெற்பயிருக்கு 57 வகைப் பூச்சிகொல்லிகளைத் தடைசெய்து, விவசாயிகள் வயலுக்குள் இறங்கி எண்ணிப் பார்த்து முடிவெடுக்கும் முறையை முன்னெடுத்தது. உங்கள் மகளின் வகுப்பில் செய்ததும் அதன் சிறு வடிவமே.

எனவே மகளோடு சேர்ந்து எண்ணுங்கள். வயலின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு நடந்து, பத்து இடங்களில் நெற்புதரின் அடியருகே ஒரு வெள்ளைத் தட்டைப் பிடித்துத் தட்டி, விழும் தத்திகளையும் சிலந்திகளையும் தனித்தனியே எழுதுங்கள். கபில நிறத்தில், வலை பின்னாமல் ஓடித்திரியும் ஓநாய்ச் சிலந்தியை எளிதாக அடையாளம் காணலாம். பெண் சிலந்தி தன் முட்டைப் பையை உடலின் பின்புறத்தில் ஒட்டிச் சுமந்துகொண்டு போகும். பொரித்த குஞ்சுகள் தாயின் முதுகின் மேல் ஏறிக்கொள்ளும். அதை ஒரு தடவை கண்ட பிள்ளை சிலந்தி சாவதைப் பார்த்துக்கொண்டிருக்காது. மகள் மறிப்பதன் காரணமும் அதுவாக இருக்கலாம். எண்ணிய கணக்கை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். தத்தி எல்லை மீறிப் பெருகியிருந்தால் எதை, எப்போது, எவ்வளவு அடிப்பது என்று அவர் சொல்லுவார். அப்போது அடியுங்கள், மகளுக்கும் காரணத்தை விளக்குங்கள். யூரியாவை அளவுக்கு மேல் இட்டுப் பயிரைக் கடும் பச்சையாக்கினால் தத்தி விரும்பிப் பெருகும் என்பதையும் கவனத்தில் வைத்திருங்கள்.

மருந்து அடித்த வயலுக்குள் பிள்ளையை விடாதீர்கள். காலில் காயமிருந்தால் சேற்றில் இறங்கவும் விடாதீர்கள். எலிக்காய்ச்சல் கிருமி அந்த வழியாகவும் உடலுக்குள் போகும்.

கேள்வி: பிள்ளைகளைக் குளத்துக்கும் காட்டுக்கும் நேரே அழைத்துச் சென்று காட்ட விரும்புகிறேன். பெற்றோர் தயங்குகிறார்கள். எவ்வாறு இணங்கச் செய்யலாம்?
(ஆசிரியர் ஒருவர், புதுக்குடியிருப்பு)

பதில்: இந்த விடயத்தில் நான் பெற்றோரின் பக்கமே நிற்கிறேன். எங்கள் மண்ணில் போர் விட்டுச்சென்ற வெடிபொருட்கள் முற்றாக அகற்றப்பட்டுவிட்டன என்று எண்ணி நடக்கக்கூடாது. குளங்களில் முதலை உண்டு. காட்டோரத்தில் யானை வரும். ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளைக் காட்டுக்குள் அழைத்துச் செல்ல வேண்டாம். பாடசாலை வளவு, அருகிலுள்ள வீட்டுத் தோட்டம், ஊரவர் தினமும் நடமாடும் அணைக்கட்டு ஆகியவை போதும். குளத்துக்குப் போவதானால் அதிபரின் அனுமதியுடன், ஊர்ப் பெரியவர் இருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, அணைக்கட்டின் மேல் நின்று பார்த்துவிட்டுத் திரும்புங்கள். நீரையும் மண்ணையும் பெரியவர்களே எடுத்துக் கொடுக்கட்டும். முன்பின் அறியாத இடத்தில் மண்ணைத் தோண்டக்கூடாது, அறிமுகமில்லாத உலோகப் பொருளைத் தொடக்கூடாது, கண்ட இடத்திலேயே நின்று வந்த வழியால் திரும்பிப் பெரியவருக்குச் சொல்ல வேண்டும் என்பதை ஒவ்வொரு தடவையும், நூறாவது தடவையாக இருந்தாலும், பிள்ளைகளைத் திருப்பிச் சொல்லவைத்த பிறகே புறப்படுங்கள்.

பார்ப்பதற்குப் பொருள் குறைந்துவிடும் என்று கவலைப்படாதீர்கள். பாடசாலை வளவில் நிற்கும் ஒரு பனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஓலையில் தூக்கணாங்குருவிக் கூடு தொங்கும். மட்டைகளுக்கிடையில் அணில் ஓடும். வட்டின் மறைவில் வௌவால் தூங்கும். வெட்டுண்ட மரமானால் பொந்தில் கிளியோ ஆந்தையோ இருக்கும். அந்த ஒரு மரத்தைக் காலையில் ஒரு குழுவும் பாடசாலை முடியும் வேளையில் இன்னொரு குழுவும் பார்த்து, வந்தவர் போனவர் கணக்கை எழுதினால், ஒரு தவணைக்குப் போதிய பாடம் கிடைக்கும்.

கேள்வி: புலமைப்பரிசில் பரீட்சைக்கு இன்னும் சில மாதங்களே இருக்கும்போது, வகுப்பில் மண்ணையும் நத்தையையும் வைத்து நேரத்தைப் போக்குகிறார்கள். இது சரியா?
(தாய் ஒருவர், கிளிநொச்சி)

பதில்: பாடத்தின் பெயரைப் பாருங்கள், அம்மா. 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' என்று இருக்கிறது. செயற்பாடு இல்லாமல் அதைப் படிப்பிக்க முடியாது. நத்தை எதைத் தின்னும் என்று போத்தலில் பார்த்த பிள்ளைக்கு வினாத்தாளில் அது எந்த வடிவில் வந்தாலும் விடை தெரியும். மாதிரி வினாத்தாளில் மாத்திரம் பார்த்த பிள்ளை, வினாவைச் சற்று மாற்றிக் கேட்டால் தடுமாறும். வாரத்தில் ஒரு மணித்தியாலத்துக்காக உங்கள் பிள்ளையின் பெறுபேறு குறைந்துவிடாது என்று என் அனுபவத்தில் உறுதியாகச் சொல்வேன்.

கேள்வி: எங்கள் ஊர்ச் சிறுகுளம் ஒவ்வொரு கோடையிலும் வெடித்துக் காய்ந்துவிடும். மழை பெய்து நிரம்பிய சில நாட்களில் அதற்குள் உயிர்கள் தெரியும், பிறகு மீனும் தெரியும். எங்கிருந்து வருகின்றன என்று பேரன் கேட்கிறான். மழையோடு வானத்திலிருந்து விழும் என்றுதான் எங்கள் காலத்தில் சொன்னார்கள்.
(ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர், முழங்காவில்)

பதில்: ஐயா, இம்முறை வந்தவற்றுள் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. மீன்கள் பல வழிகளால் திரும்பி வருகின்றன. மழை வெள்ளத்தில் குளங்கள் வான் பாயும்போது வாய்க்கால்கள் வழியே ஒரு குளத்திலிருந்து இன்னொன்றுக்கு நீந்தி ஏறும் மீன்கள் உண்டு. விரால் காற்றையும் சுவாசிக்கக்கூடியது. நீர் வற்றும்போது சேற்றுக்குள் புதைந்து, தோலும் சுவாச உறுப்பும் ஈரமாக இருக்கும் வரை உயிரோடு காத்திருக்கும். குளத்து நத்தை தன் ஓட்டின் வாயை மூடியால் இறுக அடைத்துக்கொண்டு மண்ணுக்குள் கோடையைக் கழிக்கும். இவை எல்லாவற்றையும்விட வியப்பானவை நீர்த்தெள்ளு போன்ற மிகச் சிறிய உயிர்கள். அவை குளம் வற்றுமுன் தடித்த கோதுள்ள முட்டைகளை இட்டுவிட்டு இறக்கின்றன. அந்த முட்டைகள் காய்ந்த மண்ணோடு மண்ணாகக் கிடந்து, மழைநீர் பட்டதும் பொரிக்கின்றன. மீன் குஞ்சுகளுக்கு முதல் உணவு ஆவதும் பெரும்பாலும் இப்படிப்பட்ட உயிர்களே.

இதைப் பேரனுக்குச் செய்து காட்டலாம். ஆசிரியர்களும் வகுப்பில் செய்யலாம். ஊரவர் நடமாடும் கரையோரமாக, வெடித்துக் காய்ந்த குளத்து மண்ணை இரண்டு சிரட்டையளவு நீங்களே எடுத்து வாருங்கள். ஒரு சிரட்டை மண்ணை அப்படியே ஒரு கண்ணாடிப் போத்தலில் போடுங்கள். மற்றதைத் தண்ணீரோடு ஒரு பழைய பாத்திரத்தில் கால் மணித்தியாலம் நன்றாகக் கொதிக்கவைத்து, ஆறிய பின் இன்னொரு போத்தலில் போடுங்கள். இரண்டையும் மழைநீரால் அல்லது கிணற்றுநீரால் நிரப்பி, துணியால் வாயைக் கட்டி, வெளிச்சம் உள்ள, ஆனால் நண்பகல் வெயில் படாத இடத்தில் வையுங்கள். மண் அடியில் படிய ஒரு நாள் செல்லும். இரண்டாம் நாளிலிருந்து ஒவ்வொரு மாலையும், போத்தலுக்குப் பின்னால் டோர்ச் வெளிச்சத்தைப் பிடித்து, கைவில்லையால் பார்க்கச் சொல்லுங்கள். கொதிக்கவைக்காத மண்ணுள்ள போத்தலில், பெரும்பாலும் ஒரு கிழமைக்குள், உப்புத்தூள் அளவான வெண்புள்ளிகள் துள்ளித் துள்ளி நீந்தத் தொடங்கும். மற்றப் போத்தலில் ஏன் இல்லை என்ற கேள்வியைப் பேரனே உங்களிடம் கேட்கும் வரை காத்திருங்கள்.

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் காய்ந்த மண் கிடைக்காது. எனவே செய்ய விரும்புபவர்கள் புரட்டாதி முடிவதற்குள் மண்ணை எடுத்து, கடதாசிப் பையில் இட்டு, ஈரம் படாமல் வைத்துக்கொள்ளுங்கள். முதல் துள்ளலை எத்தனையாம் நாள் கண்டீர்கள் என்று பிள்ளைகள் தங்கள் கையால் எழுதி அனுப்பினால், மார்கழி இதழில் ஊர்வாரியாக வெளியிடுகிறேன்.